நான்காவது சனிக்கிழமை

எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும்
கடல் வர இரண்டு நாள்.
வடக்கு டகோட்டாவின் அந்த ஊரில் இருந்துகொண்டு
கடற்படை அகாடமிக்குப் போகிறேன் என்றான்
அண்ணன் ஐனார்.

ஆலைக்குப் பீட் கிழங்கு ஏற்றும் லாரியை
அப்பா கழுவிக்கொண்டிருந்தார்.
"பணம் கேட்பார்களா, தருவார்களா?"
தருவார்கள் என்றதும்
குழாயோடு அடுத்த சக்கரத்துக்குப் போனார்.

மார்ச்சில் முதல் தேர்வு. லாரி குளிரில் கிளம்பவில்லை,
பக்கத்துப் பண்ணை ஜீப்பில் போனான்.
வாசிப்பு எழுநூறு. கணக்கு அறுநூற்றுப் பத்து.
ஜூனில் இரண்டாவது.
கணக்கு அறுநூற்று எண்பதுக்கு ஏறியது,
வாசிப்பு அறுநூற்று நாற்பதுக்குச் சரிந்தது.

ஒவ்வொன்றிலும் உயர்ந்ததை மட்டும்
எடுத்துக் கூட்டிக்கொள்வார்கள்
என்றார் பள்ளி ஆலோசகர் திருமதி ட்வைட்.
மார்ச்சின் வாசிப்பு, ஜூனின் கணக்கு:
இரண்டையும் ஒட்டவைத்த அந்த ஆள்
எந்தச் சனிக்கிழமையும்
எந்த நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை.
அவனைத்தான் அனுப்பப் போகிறோம் என்றேன்.
ஐனார் சிரிக்கவில்லை.
அந்த ஆளை அவனுக்குப் பிடித்துவிட்டது.

அக்டோபரில் மூன்றாவது. ஒன்றும் ஏறவில்லை.
டிசம்பருக்கும் பணம் கட்டினான்.

உடல்தகுதிக்கு ஸ்டாப்வாட்ச் என் கையில்.
முழங்காலிட்டபடி
கூடைப்பந்தை எறிய வேண்டுமாம்.
எந்தக் கப்பலில் எந்த எதிரியை
முழங்காலிட்டுப் பந்தால் அடிப்பார்கள் என்று
அந்தத் தாளில் எழுதவில்லை.
அறுபத்தேழு அடி.
லாரிக் கொட்டகைத் தரையில்
வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டேன்.

செனட்டரின் பரிந்துரைக்காக பிஸ்மார்க்கில் நேர்காணல்.
மேஜையைச் சுற்றி ஐந்து பேர்.
ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் கேட்டாராம்:
"கடலைப் பார்த்திருக்கிறாயா, தம்பி?"
"இல்லை, ஐயா.
ஜூலையில் ஆளிச் செடி பூக்கும்போது
காற்றில் அந்த நீலம் அசைவதைப் பார்த்திருக்கிறேன்."
ஐவரும் ஏதோ குறித்துக்கொண்டார்கள்.

நவம்பரில் கண் பரிசோதனை, மைனாட்டில்.
அவனுக்குத் துணையாக
சுவரோர நாற்காலியில் நான்.
டாக்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்தார்,
பக்கம் முழுக்கப் புள்ளிகள்.
"உள்ளே என்ன எண்?"
"இருபத்தொன்று" என்றான் ஐனார்,
தெளிவாக, முதுகை நிமிர்த்தி,
நேர்காணலுக்குப் பழகிய குரலில்.

நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது
எழுபத்து நான்கு.

அடுத்த பக்கத்தில்
"எண் இருக்கிறதா, டாக்டர்?" என்றான்.
அதற்கடுத்த பக்கத்தில் எதுவும் சொல்லவில்லை.
நான் வாயைத் திறக்கவில்லை.
திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று
சில இரவு இப்போதும் யோசிப்பேன்.
ஒன்றும் ஆகியிருக்காது.
ஆனாலும்.

திரும்பும் வழியில் சிவப்பு விழுந்து நின்றோம்.
"மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ.
எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறீர்கள்
என்று நினைத்திருந்தேன்" என்றான்.
பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.
கீழே எரிந்திருந்தது.

பழுக்காத தக்காளியைப் பறித்து வந்து
அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது,
ஒரு காலில் சிவப்பும் மறுகாலில் பச்சையுமாக
ஹாக்கி ஆடப் போனது,
எல்லாம் அறுபது மைலும்
என்னோடு வண்டியில் வந்தன.
நீலம் மட்டும்
அவனுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்.

கடிதம் பத்து நாளில் வந்தது. இரண்டே பத்தி.

டிசம்பர் முதல் சனிக்கிழமை
ஐந்து மணிக்கே எழுந்து
பென்சில் நான்கைச் சீவிக்கொண்டிருந்தான்.
"இனி எதற்கு?" என்றார் அப்பா.
"கட்டிய பணம் திரும்பாது."

கணக்கு எழுநூற்று நாற்பது.
வாசிப்பு எழுநூற்றுப் பத்து.

எங்கேயும் அனுப்பவில்லை அதை.
நூலகத்தில் ஒரு பிரதி எடுத்து வந்து
ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினான்.
"இரண்டும் ஒரே நாளில்" என்றான்.
அப்பாவுக்கு விளங்கவில்லை,
என்னைப் பார்த்தார்.

கொட்டகையில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.
லாரியைப் பின்னால் எடுக்கும்போது
அதுவரைதான் எடுப்பார் அப்பா.